பளு தூக்கக் கூடாது

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைலை ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். 1998இல் அவருக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள் (ரேடியேஷனுக்கு எங்கள் ஊரில் இதுதான் பேர்). டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது: இடது கையால் பளு தூக்கக் கூடாது. எவ்வளவு பளு, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் இல்லை. அவ்வளவுதான்.

பெரியம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதலில் தெருக்குழாயில் குடம் தூக்குவது நின்றது. அப்புறம் குக்கர். அப்புறம் துணி பிழிவது. நாலைந்து வருஷத்தில் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. தலை சீவிப் பின்னிவிடுவது அக்காவின் வேலை ஆகிவிட்டது. நாங்கள் எல்லோருமே ‘ஆபரேஷன் பண்ண கை, அப்படித்தான் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். என் கேள்வி வேறு. இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது? யார் முதலில் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்? தேடிப் போனால், ரொம்ப நாளைக்கு யாருமே சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் விடை.

கதை பால்டிமோரில் தொடங்குகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் 50 பெண்களுக்குச் செய்த அறுவைசிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டார். மார்பகம், அதற்குக் கீழே இருக்கும் மார்புத் தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டியாக வெட்டி எடுப்பது அவர் முறை. வெட்டிய இடத்திலேயே நோய் திரும்பி வருவது முன்பைவிட வெகுவாகக் குறைந்தது. அதனால் அடுத்த 70, 80 வருஷத்துக்கு அதுவே சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

விலையைக் கொடுத்தது கை. மார்புத் தசை போனால் கையை முன்னே இழுக்க முடியாது, தோள் இறுகும். அக்குள் முடிச்சுகள் போனால் கை வீங்கும். ஹால்ஸ்டெட்டுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் 1890களில் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் அதை ஓரமாகத் தள்ளிவிடுகிறார். உயிரோடு ஒப்பிட்டால் கை முடமாவது பெரிய விஷயமில்லை என்கிறார். அதோடு நிற்கவில்லை. இந்த நோயாளிகள் வயதானவர்கள், சராசரி வயது கிட்டத்தட்ட 55, சமூகத்தில் அவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகிறவர்களும் இல்லை என்று காரணமும் சொல்கிறார். ஐம்பத்தைந்து வயசுப் பெண் வீட்டில் என்னதான் செய்துகொண்டிருந்தாள் என்று அவர் நினைத்தாரோ! தண்ணீர் இறைத்தது யார், துணி துவைத்தது யார்? இதே மனிதர்தான், தன் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் கைகள் கிருமிநாசினி பட்டுப் புண்ணாகின்றன என்று குட்இயர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்யவைத்தவர். அந்த நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனை 1890இல் கல்யாணமும் செய்துகொண்டார். ஒரு பெண்ணின் கை அவர் கண்ணில் பட்டது, நோயாளிகளின் கை படவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அது முழு நியாயமும் இல்லை. 1921இல், சாவதற்கு ஒரு வருஷம் முன்பு, கை வீக்கத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். நம்மூரில் யானைக்கால் என்கிறோமே, அதே நோயின் லத்தீன் பெயரை எடுத்து, அறுவைசிகிச்சையால் வந்த யானைக்கால் என்று அந்த வீக்கத்துக்குப் பேர் வைத்தார்.

பேர் பொருத்தமானதுதான். யானைக்காலில் புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கின்றன. இங்கே கத்தியும் கதிர்வீச்சும் அதைச் செய்கின்றன. ரத்தக்குழாயிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதியையும் புரதங்களையும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர் மண்டலம். வடிகால் அடைபட்டால் வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரி கையில் நீர் தேங்கும். நாள்பட நாள்பட தோல் தடித்து இறுகும். லேசான கீறல்கூடக் கிருமித் தொற்றாக மாறி ஜுரம் வரும்.

இப்போது அந்தத் தடை எப்படிப் பிறந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. வேலை செய்தால் தசைக்கு ரத்தம் அதிகம் பாயும். ரத்தம் அதிகம் பாய்ந்தால் நீர் அதிகம் கசியும். வடிகாலோ ஏற்கெனவே பழுது. ஆகவே கையை வேலை வாங்காதே. கேட்பதற்கு ரொம்பச் சரியாக இருக்கிறது, இல்லையா? அதுதான் சிக்கல். சரியாகத் தோன்றும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் கை வராது.

இடையில் டெரீஸ் லாஸர் என்ற நியூயார்க் பெண்ணைச் சொல்லாமல் போக முடியாது. 1952இல் அவருக்கு ஹால்ஸ்டெட் பாணி அறுவைசிகிச்சை நடந்தது. கையை எப்படி அசைப்பது, உள்ளாடைக்குள் என்ன வைத்துக்கொள்வது, வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. தானே பயிற்சிகளைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், புதிதாக ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பெண்களின் கட்டிலருகே நின்று செய்து காட்டினார். ஒரு பந்து, ஒரு கயிறு, தற்காலிக மார்பகம் ஒன்று. இவை அடங்கிய சின்னப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு வருவார். டாக்டர் அல்லாத ஒரு பெண் வார்டுக்குள் வந்து என் நோயாளிக்குச் சொல்லித்தருவதா என்று கோபப்பட்ட சர்ஜன்கள் உண்டு. ரீச் டு ரெக்கவரி என்ற அவர் அமைப்பை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தனதாக்கிக்கொண்டது. அதற்கு அந்தச் சங்கத்துக்கு 17 வருஷம் ஆயிற்று.

லாஸரின் வேலை கையை மேலே எழுப்புவது பற்றியது. பளு பற்றிய பயம் அப்படியே இருந்தது. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும், அவ்வளவு வெட்டத் தேவையில்லை என்று ஆயிரக்கணக்கான பெண்களை வைத்து நிரூபித்தார்கள். மார்புத் தசை தப்பியது. அக்குள் மட்டும் 1990கள் வரை தப்பவில்லை. அதற்குப் பிறகுதான் முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டு முடிச்சோடு நிறுத்தினால் சுமார் இருபதில் ஒருவருக்கு. வெட்டுவது குறைந்த பிறகும் அறிவுரை மட்டும் மாறவில்லை.

அதைக் கேள்வி கேட்டவர் சர்ஜன் இல்லை, புற்றுநோய் மருத்துவரும் இல்லை. டான் மெக்கென்ஸி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவம் பார்ப்பவர். ஓட்டக்காரர்களுக்கும் துடுப்புப் போடுகிறவர்களுக்கும் வைத்தியம் செய்து பழகிய ஆளுக்கு, ஓர் உறுப்பை வருஷக்கணக்கில் சும்மா வைத்திருக்கச் சொல்வது விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். நிணநீருக்கு இதயம் மாதிரி தனியாக ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதும் சுற்றியுள்ள தசைகள் அழுத்துவதும்தான் அதை நகர்த்துகின்றன. அப்படியானால் தசையைத் தூங்க வைப்பது வைத்தியமா?

1996இல் அவர் 24 பெண்களைச் சேர்த்தார். எல்லோரும் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள். அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டுதான் வேடிக்கை: டிராகன் படகு. சீனாவில் பிறந்த, நீளமான, டிராகன் தலை வைத்த படகு. இருபது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போட, முன்னால் ஒருவர் மேளம் அடிப்பார், பின்னால் ஒருவர் திசை திருப்புவார். வான்கூவரில் 1986 உலகக் கண்காட்சியிலிருந்தே அது பிரபலம். டாக்டர்கள் எதையெல்லாம் கூடாது என்றார்களோ அத்தனையும் அதில் உண்டு. மேல் உடம்புக்குக் கடுமையான வேலை, அதுவும் ஒரே அசைவு திரும்பத் திரும்ப. நிரூபிப்பதானால் மிகக் கடினமான இடத்திலேயே நிரூபிப்போம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நேராகப் படகில் ஏற்றிவிடவில்லை. முதலில் ஜிம்மில் மெல்ல மெல்லத் தசையைக் கட்டினார்கள். விளையாட்டு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் கூடவே இருந்தார்கள், கைகளைக் கண்காணித்தார்கள். கோடையில் வான்கூவர் போட்டியில் இறங்கினார்கள். சீசன் முடிந்தபோது புதிதாக யாருக்கும் கை வீங்கியிருக்கவில்லை. அணியின் பேர் அப்ரெஸ்ட் இன் எ போட். 1998இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் மெக்கென்ஸி இதை எழுதினார். ஆமாம், பெரியம்மாவின் சீட்டில் அந்த வரி எழுதப்பட்ட அதே வருஷம்.

இதை வைத்து எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டது என்று சொன்னால் தப்பு. 24 பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். ஒரு சந்தேகவாதி ஐந்து நிமிடத்தில் கவிழ்த்துவிடலாம். ஆனால் அது திறந்த கதவு வழியாக மற்றவர்கள் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் ஷ்மிட்ஸ். ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு குழு வாரம் இரண்டு முறை பளு தூக்கியது. இன்னொன்று வழக்கம்போல இருந்தது. 2009இல் முடிவு வந்தது. வீக்கம் கூடியவர்கள் பளு தூக்கியவர்களில் 11 சதவீதம், தூக்காதவர்களில் 12. வித்தியாசம் இல்லை. ஆனால் நிலைமை திடீரென மோசமாகிச் சிகிச்சை தேவைப்பட்டது தூக்காதவர்களில் 29 சதவீதத்துக்கு, தூக்கியவர்களில் 14 சதவீதத்துக்குத்தான். மறுவருஷம் வீக்கம் இன்னும் வராத 154 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. ஐந்தோ அதற்கு மேலோ முடிச்சுகள் எடுக்கப்பட்டவர்களில், தூக்காத குழுவில் 22 சதவீதத்துக்கு வீக்கம் வந்தது. தூக்கிய குழுவில் 7.

விளக்கம் எளியது. சும்மா இருக்கும் கை பலம் இழக்கும். பலம் இழந்த கைக்கு இரண்டு லிட்டர் பால் பையே அதிகபட்சப் பளு ஆகிவிடும். பேரக்குழந்தை ஓடி வந்து தாவினால் தூக்காமல் இருக்க முடியுமா? அந்த ஒரு நாளில் கைக்குத் தாங்க முடியாத வேலை கொடுக்கிறோம். அதாவது, எதைத் தடுக்க அந்த வரி எழுதப்பட்டதோ அதையே அது கொண்டுவந்திருக்கக்கூடும்.

படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் ஒன்று சொல்லவேண்டும். நாளைக்கே டம்பெல் வாங்கிவிடாதீர்கள். ஷ்மிட்ஸின் ஆய்வில் மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மேற்பார்வையோடு, கையை வாராவாரம் கவனித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வீங்கியவர்கள் அழுத்த உறை போட்டுக்கொண்டுதான் தூக்கினார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் பொதுவாகக் கையைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோகச் சொல்வதில்லை, காயத்தில் நீர் கட்டும் என்பதால். அப்புறம் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றுவது, தோளைச் சுழற்றுவது என்று போகும். கதிர்வீச்சு மேஜையில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டியிருக்கும், அதனால் அதற்கு முன்பே தோள் திறந்திருக்க வேண்டும். இது எல்லாமே பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டியது. பிரிட்டனில் 17 மையங்களில் 392 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஆபரேஷன் முடிந்த ஏழு முதல் பத்து நாளில் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துக் கை நன்றாக இயங்கியது, வலியும் குறைவு. காயத்துக்குத் தீங்கும் வரவில்லை.

பெரியம்மா 2012இல்தான் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார், அதுவும் வேறு ஏதோ கழுத்து வலிக்காக. அந்தப் பெண் இடது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, இந்தக் கையை என்ன பண்ணீங்க?” என்று கேட்டிருக்கிறார். “ஒண்ணும் பண்ணலயே, டாக்டர் சொன்னபடி பத்திரமா வச்சிருக்கேன்” என்று பெரியம்மா பெருமையாகவே சொன்னாராம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தார்கள். ஒரு லிட்டருக்கு வர நாலு மாசம் ஆயிற்று.

பொங்கலன்று மெக்கென்ஸி கதையை அவரிடம் சொன்னேன். “பொம்பளைங்க படகு ஓட்டினாங்களா?” என்று சிரித்தார். அப்புறம், “ஏண்டா, அது எந்த வருஷம்?” என்றார். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது குக்கரைத் தூக்கி இறக்குகிறார். கொடியில் துணி காயப்போடுகிறார். கை பின்னந்தலை வரைக்கும் போகிறது, அதற்கு மேல் திரும்பவில்லை. பின்னல் இன்னும் அக்காதான் போட்டுவிடுகிறாள்.