கொடியும் தடியும்

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. தனியொருவன் மருண்டால் அவன் மட்டுமே துன்புறுவான். அரசு மருண்டால் அதன் விளைவைக் குடிகள் சுமக்க நேரும். உழவன் கை அரிவாளும், ஆடு மேய்ப்பவன் தோளில் சாய்ந்த தொரட்டியும், மரமேறுபவன் இடையில் செருகிய கத்தியும் தொழிற்கருவிகளா, படைக்கலங்களா? இவ்வினாவை எழுப்புவோர் அவற்றை ஏந்தியவர் அல்லர். அவரை எதிர்ப்படும் அதிகாரத்தினரே ஆவர். அவ்வதிகாரம் அச்சத்தின் வழி நின்று விடை கண்டால் என்ன நேரும் என்பதற்குக் கொங்கு நாட்டு வரலாறு தக்க சான்று தருகிறது.

பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின், 1801 திசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்னாட்டுப் பாளையங்களில் படைக்கலம் தாங்கும் வழக்கத்தையே ஒடுக்க முற்பட்டது. பின்னர் லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878ஆம் ஆண்டில், படைக்கலச் சட்டம் இயற்றப்பெற்றது. துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு, பீரங்கி முதலியவற்றை அது பெயர் சுட்டி வரையறுத்தது. அவ்வரையறையில் துணி இடம்பெறவில்லை, தடியும் இடம்பெறவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் திருப்பூர்த் தெருவில் எதிரெதிரே நின்றவை இவ்விரண்டுமே.

இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள சென்னிமலை, தறியோசைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெசவாளர் குடும்பத்தில் 1904 அக்டோபர் 4ஆம் நாள் பிறந்தவர் குமாரசாமி என்னும் குமரன். பிழைப்பை நாடி அவர் சென்ற திருப்பூர், கதர் உற்பத்தியிலும் வாணிகத்திலும் சிறந்து விளங்கிய ஊர். 1932 சனவரி 4ஆம் நாள் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. காங்கிரசு அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. அதனைக் கண்டித்துச் சனவரி 10ஆம் நாள் பி. எஸ். சுந்தரம் தலைமையில் தொண்டர் சிலர் திருப்பூரில் ஊர்வலம் சென்றனர். குமரனும் கொடியேந்தி நடந்தார். காவலர் லத்தியால் தாக்கினர். மண்டை உடைந்து வீழ்ந்த நிலையிலும் குமரன் கொடியைக் கைவிடவில்லை என்பர். மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அவர் ஏந்தியது என்ன? கோலில் கட்டிய துணி. நெசவாளர் வீட்டில் பிறந்தவருக்கு அதனினும் பழகிய பொருள் வேறில்லை. அதனால் எவர்க்கும் ஒரு கீறலும் நேர்ந்திராது. அது துணி என்பதைக் காவலரும் அறிவர். இருளில் கயிற்றைப் பாம்பென மயங்கிய பிழையன்று இது. பகலில் கயிற்றைக் கயிறென்று தெரிந்தே பாம்பை அடிப்பதுபோல் அடித்த பிழை.

கண்ணே மயங்கிய நிகழ்ச்சிகளும் உலகில் உண்டு. 1999 பிப்ரவரி 4ஆம் நாள் நியூயார்க் நகரில், கினி நாட்டிலிருந்து குடியேறிய அமடு டியாலோ என்னும் இளைஞர் தம் வீட்டு வாயிலில் பணப்பையைக் கையில் எடுத்தார். அதனைத் துப்பாக்கி எனக் கருதிய காவலர் நால்வர் 41 முறை சுட்டனர். அவ்வாண்டே செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனில் ஆரி இசுடான்லி என்பவர் பழுதுபார்த்த மேசைக்கால் ஒன்றைப் பையிலிட்டு வீடு திரும்பினார். அது துப்பாக்கி என்று எவரோ தந்த தகவலை நம்பிய காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரிடமும் படைக்கலம் ஏதும் இல்லை. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் சுட்டவர் எவரும் தண்டனை பெறவில்லை.

ஆயின், காவலரின் அச்சம் முற்றிலும் பொய்யென்று கூறுதல் நேர்மையாகாது. கூப்பிய கைக்குள்ளும் படை மறைந்திருக்கக்கூடும் என வள்ளுவரே எச்சரித்துள்ளார். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோயம்புத்தூரில் தொடர்ந்து வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. இருசக்கர வண்டியின் பெட்டியிலும், ரெக்சின் பையிலும், பழவண்டியிலும் அக்குண்டுகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அன்றாடப் பொருள்கள் உண்மையாகவே கொலைக்கருவிகளாக மாறிய நாள் அது. அத்தகைய துயரைக் கண்ட ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையை ஐயுறுதல் கடமையே ஆகும். எனினும் ஐயுறுதல் வேறு. ஆராயாது தாக்குதல் வேறு. பையை விலகி நின்று சோதித்தறியலாம். அது வெறும் பையெனத் தெளிந்தால் எவர்க்கும் இழப்பில்லை. மனிதனை அடித்து வீழ்த்தியபின் அவன் கையில் இருந்தது யாதெனத் தெளிவதால் பயனில்லை.

விடுதலை பெற்ற இந்தியா இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தே 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தை இயற்றியது. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்கள் படைக்கலம் ஆகா என அது விலக்களிக்கிறது. 1962ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய கத்திகளைக் கட்டுப்படுத்தியபோதும், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கு உரியவற்றை விட்டுவைத்தன. பொருளின் வடிவத்தை மட்டும் நோக்காது அதன் பயனையும் நோக்கவேண்டும் என்பதே இதன் உட்கிடை. கொங்குச் சிற்றூர்களில் அரிவாளோடு வயலுக்குச் செல்லும் உழவனுக்கு இவ்வரிகளே அரண்.

அச்சட்டத்தில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. படைக்கலம் அல்லாதவற்றுக்கு எடுத்துக்காட்டாக அது பெயர் கூறும் பொருள்கள் இரண்டு. ஒன்று சாதாரணக் கைத்தடி, மற்றொன்று லத்தி. குமரனின் தலையைப் பிளந்த பொருள், சட்டத்தின் கண்ணில் தீங்கற்றது. அவர் ஏந்திய துணியோ, அன்றைய அரசின் கண்ணில் ஒடுக்கப்படவேண்டிய ஒன்று. ஆகவே தீங்கு என்பது பொருளில் இல்லை. ஏந்தும் கையிலும் அதனை நோக்கும் கண்ணிலும் உள்ளது. கொடி காத்த குமரன் என்று போற்றும் தலைமுறைகள், அவர் காத்த கொடியோடு அவரை வீழ்த்திய தடியையும் நினைவிற் கொள்ளவேண்டும். அதிகாரத்தின் கை ஓங்குமுன் அதன் கண் தெளிவுற நோக்குமாயின், உழவன் அரிவாளும் வழிப்போக்கன் பையும் உயிருக்கு உலை வைக்கும் பொருள்களாக மாறா.