ஆதித்த கரிகாலன் கொலை

ஆதித்த கரிகாலன் கொலை என்பது சுந்தர சோழனின் மூத்த மகனும் முதலாம் இராசராச சோழனின் தமையனுமான இரண்டாம் ஆதித்தன், ஏறத்தாழ கி.பி. 969-971 காலப்பகுதியில் கொல்லப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். கொலையாளிகளின் பெயர்களைக் கல்வெட்டு ஒன்று தருகிறது. ஆயினும் கொலைக்கான காரணமும், அதன் பின்னணியில் வேறு எவரேனும் இருந்தனரா என்பதும் வரலாற்றாய்வாளர்களிடையே விவாதத்திற்குரியனவாக உள்ளன.

பின்னணி

ஆதித்தன் பாண்டியருடனான போரில் புகழ் பெற்று, "வீரபாண்டியன் தலைகொண்ட" என்னும் அடைமொழியைக் கொண்டான். பாண்டியனின் தலையை வெற்றித் தூணாகத் தன் தலைநகரில் நிறுத்திய பின் அவன் மறைந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அச்செப்பேடு கொலையைக் குறிப்பிடவில்லை.

உடையார்குடிக் கல்வெட்டு

காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பப்பட்ட அரசாணை இதில் இடம்பெறுகிறது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகிய சகோதரர்கள் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என இது கூறுகிறது. பிரமாதிராசன் என்பது உயர் அதிகாரிகளான பிராமணர்க்குச் சோழ அரசு வழங்கிய பட்டமாகும்.

துரோகிகளின் உடைமைகளுடன் அவர்களுடைய மக்கள், மனைவியர், தாய்மாமன்மார், உடன்பிறந்த பெண்களையும் மகள்களையும் மணந்தோர் ஆகியோரின் உடைமைகளையும் கைப்பற்றி விற்க ஆணையிடப்பட்டது. இவ்வுறவினர் கொலையில் பங்கு கொண்டனர் என்று கல்வெட்டு கூறவில்லை. உறவே தண்டனைக்குப் போதிய காரணமாயிற்று. கொலைத் தண்டனை பற்றிய குறிப்பும் இதில் இல்லை.

உத்தம சோழன் மீதான ஐயம்

கொலைக்குப் பின் இராசராசன் உடனே அரியணை ஏறவில்லை. அவனுடைய சிற்றப்பனான உத்தம சோழன் கி.பி. 985 வரை ஆண்டான். உத்தமனுக்கு ஆட்சியில் விருப்பம் இருந்ததால் இராசராசன் விட்டுக்கொடுத்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. இதனையும் ஆணை வெளியான காலத்தாழ்வையும் கருதி, கே. ஏ. நீலகண்ட சாத்திரி உத்தமனுக்குக் கொலையில் தொடர்பு இருந்திருக்கலாம் என ஐயுற்றார்.

தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இக்கருத்தை மறுத்தார். உத்தமன் தன் மகனை விடுத்து இராசராசனையே வாரிசாக ஏற்றதும், உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி இராசராசன் காலத்திலும் மதிக்கப்பட்டதும், உத்தமனின் மகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் பணிபுரிந்ததும் அவனது குற்றமின்மைக்குச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை. உடையார்குடிக் கல்வெட்டில் உத்தமன் மீது குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

இரவிதாசன் முதலியோர் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கினர் என்பது மற்றொரு கருத்து. பாண்டியரைக் குறிக்கும் "பஞ்சவன்" என்ற சொல் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. எனினும் அது சோழர் வழங்கிய பட்டத்தின் பகுதியாதலால் உறுதியான சான்றாகாது.

புனைவில்

கல்கியின் பொன்னியின் செல்வன் (1950-1954) புதினத்தில் இக்கொலை மைய நிகழ்வாகும். கற்பனைப் பாத்திரமான நந்தினி, முதிய கணவர் பெரிய பழுவேட்டரையரின் மோகத்தையும் கரிகாலனின் மாறாக் காதலையும் தன் பழிவாங்கலுக்குப் பயன்படுத்துகிறாள். குற்றமற்ற வந்தியத்தேவன் மீது கொலைப்பழி விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் பொறுப்பேற்றும், கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்திற்கு இடமாகவே விட்டுள்ளார். மணிரத்னம் இப்புதினத்தை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைப்படமாக்கினார்.