எறும்பு அரித்த சுவடியைத் தேடி

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யாரிடம் யோகம் கற்றார் என்று கேட்டால், மானசரோவர் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டு இருந்தார் என்பார்கள். எந்த நூலைக் கொண்டு கற்பித்தார் என்று கேட்டால், பட்டாபி ஜோயிஸ் வழிவந்தவர்கள் ‘யோக குருண்ட’ என்ற சுவடியைச் சொல்வார்கள். கல்கத்தாவில் கிடைத்ததாம், பிறகு எறும்பு அரித்துவிட்டதாம். பி.கே.எஸ். ஐயங்கார், ஜோயிஸ், இந்திரா தேவி, மகன் தேசிகாச்சார் என்று உலகம் முழுக்க ஆசனம் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஒருவரிடம் பயின்றவர்கள். அவருக்கு மூலம் எது என்பதை எறும்பின் தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தருமபுரிக்காரனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1792 வரை எங்கள் பாராமகால் மைசூர் ஆட்சியில் இருந்த மண். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கன்னடம் பேசும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அச்சுக் கன்னடம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. கிருஷ்ணமாச்சாரியாரின் முதல் நூலான ‘யோக மகரந்தம்’ 1934இல் மைசூரில் கன்னடத்தில்தான் வந்தது. தமிழில் 1938இல் மதுரையில் அச்சானது. பலரும் நினைப்பதற்கு மாறாக, ஆங்கிலத்துக்கு வெகுகாலம் முன்பே இது தமிழ் வாசகர் கைக்கு வந்த புத்தகம்.

பஸ்சிமோத்தானாசனம் பற்றிய பகுதியில் நெடுநேரம் நின்றேன். உட்கார்ந்து முன்னே குனிந்து கால் பிடிக்கும் ஆசனம்தானே என்று நினைப்போம். அவரோ அதன் முதல் வகைக்கு 16 வின்யாசங்கள், அதாவது மூச்சோடு சேர்ந்த அசைவுப் படிகள், சொல்கிறார். நின்ற நிலையில் தொடங்கி, சதுரங்க தண்டாசனம், ஊர்த்வமுக சுவானாசனம், அதோமுக சுவானாசனம் என வந்து, ஏழாவதில் மூச்சை இழுத்து நிறுத்தி, தரையில் படாமல் இரு கால்களையும் கைகளுக்கு நடுவே தாவிக் கொண்டுவந்து உட்கார வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்து குனிந்தால் முழுப் பலன் கிடைக்காது என்று கண்டிப்பாகவும் சொல்கிறார். ஹடயோகப் பிரதீபிகையில் இந்தத் தாவல் கிடையாது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

தடயத்தை அவரே விட்டுவைத்திருக்கிறார். நூலுக்கு ஆதாரமாக அவர் தரும் பட்டியலில் ‘ஸ்ரீதத்துவநிதி’ இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர் அரண்மனையில் தொகுக்கப்பட்ட சித்திர நூல் அது. அதில் 122 ஆசனங்கள் படத்தோடு உள்ளன. கயிற்றைப் பிடித்துச் செய்பவையும் சேர்த்தி. 1996இல் இந்தப் பகுதியை வெளியிட்ட நார்மன் ஷோமன், அரண்மனை மல்லர்களின் பயிற்சியையும் 1896இல் வந்த ‘வியாயாம தீபிகை’ என்ற உடற்பயிற்சி நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாவல் அந்த உடற்பயிற்சி மரபிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர் முடிவு. கிருஷ்ணமாச்சாரியார் 1933 முதல் யோகசாலை நடத்தியதும் அரண்மனையில்தான். ஓடியாடும் வயதுப் பையன்கள்தான் அங்கே மாணவர்கள்.

இதற்கு அப்பாலும் வழி போகிறது. புனேயில் ‘ஹடாப்யாச பத்ததி’ என்றொரு சமஸ்கிருதச் சுவடி இருக்கிறது. அதில் 112 ஆசனங்கள். படுத்தவை, நின்றவை, கயிற்றில் ஏறுபவை எனப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பல ஆசனங்களில் உடல் அசைந்துகொண்டே இருக்கிறது. ஜேசன் பர்ச், மார்க் சிங்கிள்டன் இருவரும் 2019இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஸ்ரீதத்துவநிதியின் ஆசனங்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு தெரிகிறது. இதை எழுதியவர் பெயர் கபால குரண்டகர். ‘குருண்ட’ என்று காதில் விழுந்த பெயர் இவருடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் எறும்புக் கதையைவிட உறுதியான தடயம் இது.

இதைச் சொன்னால் சிலர் வருந்துகிறார்கள்: அப்படியென்றால் பாரம்பரியம் பொய்யா? பொய் என்று நான் நினைக்கவில்லை. ஏட்டில் இருந்ததையும் கோதாவில் கண்டதையும் மூச்சோடு கோத்து, எந்த உடலுக்கு எது என்று தீர்மானித்த கை அவருடையது. 1941இல் வந்த ‘யோகாசனகளு’ என்ற கன்னட நூலில் ஆசனங்களைத் தொடக்கம், இடை, உயர்நிலை என அட்டவணையே போட்டுவிட்டார்.

1950இல் யோகசாலை மூடப்பட்ட பிறகு சென்னைக்கு வந்தார். அங்கே தாவும் பையன்கள் இல்லை. நோயாளிகளும் நடுவயதினரும் ஒவ்வொருவராக வந்தார்கள். அதே ஆசனத்தைச் சுருக்கினார், நாற்காலியில் அமர்த்தினார், மூச்சை முன்னுக்குக் கொண்டுவந்தார். மைசூர்ப் பாடத்தைக் கற்றவர்களும் சென்னைப் பாடத்தைக் கற்றவர்களும் இன்று இரு வேறு பள்ளிகளாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யத் தக்க பயிற்சியைத் தனக்கே வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரி 28இல், நூறு வயதில், சென்னையில் காலமானார்.

அடுத்து செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. 1934 கன்னடப் பதிப்பையும் 1938 மதுரைப் பதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, ஸ்ரீதத்துவநிதிப் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒரு தமிழ்ப் பதிப்பு வர வேண்டும். அதற்குக் கன்னடமும் சமஸ்கிருதமும் தெரிந்தவர்களோடு, ஆசனத்தைச் செய்துபார்க்கக்கூடிய ஒரு இளைஞனும் கூட வேண்டும். ஏழாவது வின்யாசத்தை வாசித்து மட்டும் யாரும் புரிந்துகொள்ள முடியாது.