ஜீவா கெட்டவனா? – அப்பத்தா சொன்ன தீர்ப்பு

மக்களே, சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' ஞாபகம் இருக்கா? ஆனந்த விகடன்ல தொடர்கதையா வந்து, அப்புறம் தூர்தர்ஷன்ல டிவி தொடராவும் வந்தது. எல்லாருக்கும் ஜீனோங்கிற இயந்திர நாய்க்குட்டியைத்தான் பிடிக்கும். எனக்கு மட்டும் வில்லன் ஜீவா மேலயே கண்ணு.

அப்போ சின்னமனூர் பக்கத்துல எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு டிவி இருந்தா அதிகம். ஆன்டெனாவை கொடைக்கானல் பக்கமா திருப்பிட்டு ஒருத்தன் மாடியில நின்னு "இப்ப தெரியுதா?"ன்னு கத்தணும். கீழ இருபது பேர் "தெரியல"ன்னு கத்துவோம். அந்தக் கூட்டத்துல எங்க அப்பத்தாவும் உண்டு.

கதை தெரியாதவங்களுக்கு: எதிர்கால இந்தியாவை ஜீவாங்கிற சர்வாதிகாரி ஆளுறான். மக்களுக்கு ரெண்டெழுத்துப் பேர்தான், கூடவே ஒரு எண். குழந்தை பெத்துக்க அரசாங்க அனுமதி வேணும். வயசானவங்க எதுவரைக்கும் இருக்கலாம்ங்கிறதும் அரசாங்கத்தோட முடிவு.

நாங்க வாயைப் பொளந்து பாத்துட்டு இருந்தப்போ அப்பத்தா ரொம்ப சாதாரணமா சொல்லுச்சு: "இதென்னடா பெரிய அதிசயம்? எங்கய்யா உசிலம்பட்டிக்கு சம்பந்தம் பேசப் போகவே சீட்டு வாங்கணும்."

அது எந்தச் சீட்டுன்னு புரிய எனக்குப் பல வருசம் ஆச்சு. அதுதான் ராத்திரிச் சீட்டு.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல வட இந்தியாவுல வந்தது. 1911-ல திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. நம்ம பக்கத்துல பிறமலைக் கள்ளர் மேல பாஞ்சது. தேனி அப்போ மதுரை ஜில்லாவுல இருந்ததால கம்பம் பள்ளத்தாக்கும் தப்பல. ஒருத்தன் என்ன செஞ்சான்ங்கிறது கேள்வியே இல்லை, எங்க பொறந்தான்ங்கிறதுதான் குற்றம். வளர்ந்த ஆம்பளைங்க பேரேட்டுல ரேகை பதிச்சுட்டு ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ படுக்கணும். வெளியூர் போகணும்னா சீட்டு. சனங்க அதுக்கு வெச்ச பேரே ரேகைச் சட்டம். அரசாங்கம் ஒரு சமூகத்தை அறிவிச்சுட்டா, அந்த அறிவிப்பு செல்லுமான்னு கோர்ட்டுல கேள்வி கேட்கவும் வழி கிடையாது.

எதிர்த்தவங்களும் இருந்தாங்க. 1920 ஏப்ரல் 3-ம் தேதி, உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மறுத்தவங்க மேல போலீஸ் சுட்டது. மாயக்காள்ங்கிற பெண் உட்பட பதினாறு பேர் செத்தாங்க. பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சனங்களுக்காக வழக்காடினார். அவருக்கு மக்கள் வெச்ச பேர் ரோசாப்பூ துரை.

சரி, ஜீவாவுக்கு வர்றேன். (முடிவு தெரிய வேண்டாம்னு நினைக்கிறவங்க அடுத்த பாராவைத் தாண்டிடுங்க.)

கடைசியில ஜீவான்னு ஒரு ஆளே கிடையாது! வெறும் ஹாலோகிராம், ஒளியால செஞ்ச பிம்பம். 'மீண்டும் ஜீனோ'வுல நிலாவையே ராணி ஆக்கி உக்கார வெச்சுட்டு, பின்னாலிருந்து ரவியும் மனோவும் ஆட்டி வைப்பாங்க. முகம் மாறும், நாற்காலி மாறாது.

அப்போ ஜீவா கெட்டவனா? பிம்பத்துக்கு ஏதுங்க நல்லது கெட்டது? அதுக்கு ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது. ரேகைச் சட்டமும் அப்படித்தான். தேடிப் பார்த்தா வெறும் காகிதம். ஆனா அந்தப் பிம்பத்துக்குக் கீழ நிஜ ஆளுங்க வேலை பார்த்தாங்களே? ரேகை உருட்டின கை, பேரேடு எழுதின கை, ராத்திரி ஆள் எண்ணின வாய், எல்லாம் நிஜம்தானே?

சட்டம் தெரிஞ்ச வயசுல ஒருநாள் அப்பத்தாகிட்ட கேட்டேன்: "ஏன் அப்பத்தா, உங்கய்யாவுக்கு சீட்டு எழுதிக் குடுத்தவரு கெட்டவரா?"

அப்பத்தா வெத்தலைய மென்னுக்கிட்டே யோசிச்சுச்சு. "நல்ல மனுசன்தான்டா. வெயில்ல போனா மோர் குடுப்பாரு. ஒரு வார்த்தை மரியாதைக் குறைவா பேச மாட்டாரு." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா எழுதுனாரே!"

அவ்வளவுதான். அதுக்கு மேல அந்தப் பேச்சை எடுக்கல.

1947-ல சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் போச்சு. 1952-ல நாடு முழுக்கப் போச்சு. ஆனா நடுவுல, 1948-லயே, 'வழக்கமான குற்றவாளிகள்'னு வேற பேர்ல சென்னையில இன்னொரு சட்டம் வந்துடுச்சு. நிலா ராணியான கதைதான், போங்க.

சுஜாதா எதிர்காலம்னு சொன்ன வருசங்களை நாமளே தாண்டி வந்துட்டோம். அவர் 2008-ல போயிட்டார், அப்பத்தாவும் போயிடுச்சு. இப்போ அந்தக் கதையை எடுத்தா ஜீவா மேல எனக்குக் கோபமே வர்றதில்லை. நிலாவுக்கு அனுமதிச் சீட்டு எழுதின, கதையில பேர்கூட இல்லாத அந்த குமாஸ்தாவைத்தான் மனசு தேடுது. அவரும் வீட்டுக்கு வந்தவங்களுக்கு மோர் குடுத்திருப்பாரோ?

டிஸ்கி: உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்தச் சீட்டை வாங்கியிருந்தா, இல்ல எழுதியிருந்தா, அவங்க இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கங்க. நான் பாதியிலயே நிறுத்திட்டேன்.