அந்த மான் யாருக்காக வந்தது?

அப்பாவே மகளைப் பலி கொடுக்கிற கதை. கத்தி இறங்குகிற நொடியில் பெண் மாயமாக மறைந்துவிடுகிறாள். பலிபீடத்தில் அவளுக்குப் பதிலாக ஒரு மான் துடித்துக்கொண்டு கிடக்கிறது. யூரிப்பிடிஸ் எழுதிய 'ஆவுலிஸில் இபிஜினியா' என்ற கிரேக்க நாடகம், இன்று நம் கையில் இருக்கும் வடிவத்தில், இப்படித்தான் முடிகிறது. படிக்கிறவர்களுக்கும் ஒரு "அப்பாடா!" வரும். ஆனால் இந்த முடிவை எழுதியது யூரிப்பிடிஸ்தானா என்பதில் அறிஞர்களுக்குப் பெரிய சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குள் போவதற்கு முன்னால் கதையைப் பார்த்துவிடுவோம்.

டிராய் நகரத்தின்மேல் படையெடுக்கக் கிரேக்கக் கப்பல்கள் ஆவுலிஸ் கடற்கரையில் கூடியிருக்கின்றன. காற்று இல்லை, கப்பல் நகரவில்லை. படைத்தலைவன் அகமெம்னான் தன் மூத்த மகள் இபிஜினியாவை ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குப் பலி கொடுத்தால்தான் பயணம் நடக்கும் என்று குறி சொல்கிறான் கால்காஸ். அகமெம்னான் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான்: "மகளை அனுப்பி வை, அக்கிலீஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம்." சுத்தப் பொய். பிறகு மனசு கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக "அனுப்ப வேண்டாம்" என்று இன்னொரு கடிதம் எழுதுகிறான். அதைத் தம்பி மெனெலாஸ் வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறான்.

அம்மாவும் மகளும் கல்யாணக் களையோடு வந்து இறங்குகிறார்கள். மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். நீயும் ஒரு கடற்பயணம் போக வேண்டியிருக்கிறது என்கிறான் அவன். அம்மாவோடா, தனியாகவா என்று கேட்கிறாள். தனியாகத்தான் என்கிறான். கிளம்புவதற்கு முன் ஒரு பலி கொடுக்கணும், அப்போது நீயும் பக்கத்தில்தான் நிற்பாய் என்கிறான். அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறாள். எனக்கு இந்த நாடகத்திலேயே அதிகம் வலிக்கிற இடம் இதுதான்.

உண்மை வெளியே வந்ததும் இபிஜினியா கெஞ்சுகிறாள். நல்ல சாவைவிட மோசமான வாழ்வே மேல் என்கிறாள். கைக்குழந்தையாக இருக்கும் தம்பியையும் அப்பாவின் முன்னால் நிறுத்துகிறாள். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அப்படியே மாறி, "கிரேக்க நாட்டுக்காக நானே சாகிறேன்" என்கிறாள். இந்தத் திடீர் மாற்றம் பொருந்தவில்லை என்று அரிஸ்டாட்டிலே தன் 'கவிதையியல்' நூலில் குறை சொல்லியிருக்கிறார்.

நடுவில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் அது அவ்வளவு திடீர் மாற்றமாகத் தெரியாது. காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்த அக்கிலீஸ், படை முழுக்க அவள் உயிரைக் கேட்டுக் கூச்சல் போடுவதாகவும், தன்னைக் கல்லால் அடிக்க முதலில் கிளம்பியது தன் சொந்தப் படையே என்றும் வந்து சொல்கிறான். ஒடிசியஸ் ஆட்களோடு வந்து அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான் என்றும் சொல்கிறான். தப்பிக்கும் வழி எல்லாம் அடைபட்டாச்சு. இழுபட்டுச் சாவதா, தானே நடந்து போய்ச் சாவதா என்பது மட்டும்தான் அவள் கையில் மிச்சம். இன்னொன்று: அந்நியருக்கு அடங்காத கிரேக்க நாடு, நாட்டுக்காகப் பலி என்று அவள் பேசும் வாதம், சற்றுமுன் அப்பா அவளிடம் சொன்ன அதே வாதம். கொல்லப்போகிறவனின் வார்த்தைகளைச் சாகப்போகிறவள் தன் வார்த்தைகளாக்கிக் கொள்கிறாள்.

இந்த நாடகம் அரங்கேறியது கி.மு. 405 வாக்கில், யூரிப்பிடிஸ் இறந்த பிறகு. பார்த்த ஏதென்ஸ் மக்கள் கி.மு. 431-இல் தொடங்கிய போரில் கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தவர்கள். "நாட்டுக்காக" என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

சரி, இப்போது மான் விஷயம். மான் யூரிப்பிடிஸின் கற்பனை இல்லை. அதற்கு முந்தைய காவிய மரபிலேயே மானும் உண்டு, ஆர்ட்டெமிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. ஆனால் நம்மிடம் உள்ள பிரதியின் கடைசி வரிகளில் யாப்பும் மொழியும் தடுமாறுகின்றன. அதனால் அவை பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு யாரோ எழுதிச் சேர்த்தவை என்று பலர் கருதுகிறார்கள். இந்த நாடகத்தில் ஆர்ட்டெமிஸே பேசுவதாகச் சில வரிகளை ஏலியன் என்ற பழைய எழுத்தாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அவை இன்றைய பிரதியில் இல்லை. ஆக, முடிவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மூத்தவரான ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் இதே கதையைத் தொட்டபோது அவர் மானைக் கொண்டுவரவே இல்லை. வாயைக் கட்டி, ஆட்டைத் தூக்குவதுபோல் அவளைப் பலிபீடத்தின்மேல் தூக்குகிறார்கள். அதற்குப் பின் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை என்று முதியவர்களின் குழு நிறுத்திக்கொள்கிறது. அந்த மகளுக்காகத்தான் கிளைட்டெம்னெஸ்ட்ரா, போர் முடிந்து திரும்பிவரும் கணவனைக் கொல்கிறாள்.

பின்னால் வந்தவர்களும் இந்த முடிவை விட்டுவைக்கவில்லை. 1674-இல் பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீன் தன் 'இபிஜெனி'யில் எரிஃபில் என்று ஒரு பெண்ணைப் புதிதாகக் கொண்டுவந்தார். குறி சொன்ன இபிஜினியா உண்மையில் அவள்தான் என்று தெரியவந்து, அவள் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறாள். அவ்வளவு நல்ல பெண்ணைக் கொலை செய்து மேடையைக் கறைப்படுத்த முடியாது, தெய்வம் வந்து காப்பாற்றினால் இந்தக் காலத்தில் யாரும் நம்பமாட்டார்கள் என்று முன்னுரையில் காரணமும் சொல்கிறார். நல்லவள் பிழைக்க, இன்னொருத்தி சாகிறாள். நூறு வருஷம் கழித்து, 1774-இல், பாரிஸில் அரங்கேறிய குளூக்கின் ஓபெராவில் தெய்வங்களே மனமிரங்குகின்றன. இபிஜினியா அக்கிலீஸுடன் சேர்ந்துவிடுகிறாள்.

20-ஆம் நூற்றாண்டில் மான் காணாமல் போகிறது. சைப்ரஸில் பிறந்த மைக்கேல் ககோயானிஸ் 1977-இல் எடுத்த 'இபிஜினியா' படத்தில் மான் தொடக்கத்திலேயே படைவீரர்கள் கையில் செத்துப்போகிறது. கடைசியில் காப்பாற்ற யாரும் வருவதில்லை. காற்று வீசுகிறது, கப்பல்கள் கிளம்புகின்றன, அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷம் முன்பு, 1974-இல், துருக்கிப் படைகள் சைப்ரஸில் இறங்கியதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் அவர். 2017-இல் யோர்கோஸ் லாந்திமோஸ் எடுத்த 'தி கில்லிங் ஆஃப் எ சேக்ரெட் டியர்' படத்தின் பெயரிலேயே மான் இருக்கிறது, கதையில் இல்லை. குடும்பத்தில் ஒருவரைக் கொல்ல வேண்டிய நிலைக்கு வரும் மருத்துவர், கண்ணைக் கட்டிக்கொண்டு சுடுகிறார். சாவது மகன்.

அப்படியென்றால் அந்த மான் யாருக்குத் தேவைப்பட்டது? பிரதியின் கடைசிப் பக்கத்திலேயே ஒரு பதில் கிடைக்கிறது. தூதன் ஓடிவந்து மானைப் பற்றிச் சொன்னதும், என் துக்கத்தை ஆற்றுவதற்காகச் சொல்லும் பொய்யாக இது ஏன் இருக்கக்கூடாது என்று கிளைட்டெம்னெஸ்ட்ரா கேட்கிறாள். அவளுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அகமெம்னான் வருகிறான். மகள் தெய்வங்களோடு இருக்கிறாள், நாம் சந்தோஷப்படலாம், நீ குழந்தையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்கிறான். போருக்குக் கிளம்பிவிடுகிறான்.

இந்த வரிகளை யார் எழுதியிருந்தாலும் சரி, மானைக் கொண்டுவந்தவரால் அம்மாவை நம்பவைக்க முடியவில்லை.