படையினரின் ஆடுகளும் எங்கள் பட்டிகளும்

1987 யூலை இறுதியில் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். இந்தியப் படையினர் வந்திறங்கிய கதையைப் பற்றிப் பின்னாளில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றுள் நான் எழுதியவையும் உண்டு. ஆனால் அப்படையினரின் உணவுக்கெனக் கடல் கடந்து வந்த ஆடுகளைப் பற்றி ஒரு வரியேனும் நான் எழுதியதில்லை.

அந்த ஆடுகளோடு வந்தது வெக்கை நோய். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல் என மாடுகளையும் எருமைகளையும் சில நாட்களுக்குள் சாய்த்துவிடும் கொள்ளை நோய் அது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளாக இலங்கையில் அதன் சுவடே இருக்கவில்லை. ஆதலால் எங்கள் பட்டிகளில் அதற்கு எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை. 1994 வரை அது முற்றாக ஓயவில்லை. ஊரடங்குகளை எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் மாடுகளை எண்ணவில்லை.

கணக்கு எங்கே பிழைத்தது? இறைச்சிக்கென வரும் விலங்கு பண்ணைக்குப் போகாது. ஆகவே ஆபத்து குறைவு என்றே காகிதத்தில் தோன்றும். ஆனால் ஆடு இந்நோயைச் சுமந்துகொண்டும் பெரும்பாலும் சுகமாகவே காட்சியளிக்கும். வெட்டப்படும் நாள்வரை அது எங்கோ மேயத்தானே வேண்டும்? நோய் நுழையும் வாய்ப்பு ஒன்று, நுழைந்தபின் உள்ளூர்க் கால்நடையைத் தொடும் வாய்ப்பு வேறொன்று, தொட்டபின் விளையும் சேதம் இன்னொன்று. இவற்றைத் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பது இன்று பாடநூல் விதி. போர்க்காலத்தில் விநியோக அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவது இறைச்சியின் நிறை மட்டுமே.

இதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன், 1887 அளவில், செங்கடலோர மசாவா துறைமுகத்திலும் இதுவே நடந்தது. அங்கே இத்தாலியப் படைக்கென இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கை நோயும் இறங்கியது. எத்தியோப்பியாவின் மாடுகளில் பத்தில் ஒன்பது மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஏர் பூட்ட எருதில்லை, நிலம் தரிசாயிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் மூன்றிலொரு பங்கினர் மடிந்தனர் என்பதும் வரலாற்றாசிரியர் சிலரின் கணிப்பு. பத்தாண்டுக்குள் நோய் கண்டத்தின் தென்முனையை எட்டியது.

1920 இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் தங்க, அங்கும் நோய் வெடித்தது. ஐரோப்பா விழித்துக்கொண்டது. எத்தியோப்பியா அழிந்தபோது அந்த விழிப்பு வரவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1924 இல் 28 நாடுகள் பாரிசில் ஒப்பமிட்டு, கால்நடை நோய்களை ஒருவருக்கொருவர் அறிவிக்கும் சர்வதேச அலுவலகத்தை நிறுவின. அது பிறந்து 63 ஆண்டுகளின் பின்னரே எங்களிடம் அந்த ஆடுகள் வந்தன.

2011 இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இது. 2020 இல், உலகமே கொரோனாவைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், வடமாகாண மாடுகளின் தோலில் கழலைகள் தோன்றின. இலங்கை அதற்குமுன் கண்டிராத அந்நோய், முந்திய ஆண்டுதான் இந்தியாவில் தலைகாட்டியிருந்தது.