உப்புக்காற்றும் பழைய மொரிஸும்: திருகோணமலையில் கறள் பிடித்த கார்களின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், கறள் பிடித்த பழைய பிரித்தானியக் கார் ஒன்றை வாங்கித் திருத்தி எடுப்பதா விடுவதா என்ற முடிவை வாங்குபவரின் விருப்பம் மட்டும் தீர்மானித்ததில்லை. அரசின் இறக்குமதிக் கொள்கை, நீண்ட போர், கடலின் உப்பு ஆகிய மூன்றும் கடந்த அறுபது ஆண்டுகளாக அந்த முடிவில் கலந்திருக்கின்றன. பழைய வண்டியைப் பார்க்கப் போகும் ஒருவர் எதை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று இங்குள்ள கராஜ்களில் வழங்கிவரும் அறிவும் அந்த மூன்றிலிருந்தே திரண்டது. ஆகவே இந்தச் சிறிய கொடுக்கல் வாங்கலின் வரலாற்றை எழுதுவது மாவட்டத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை எழுதுவதே ஆகும்.

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் கீழ்த்திசைத் தளங்களில் முக்கியமானதாக இருந்தது. கடற்படைக்கு எரிபொருள் சேமிப்பதற்காகச் சீனக்குடாவின் காட்டுக்குள் கட்டப்பட்ட மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளும், அதன் அருகே அமைந்த விமான ஓடுதளமும், உட்துறைமுகக் கரையில் இருந்த கப்பல் பட்டறையும் இப்பகுதிக்கு இயந்திர நாகரிகத்தை இலங்கையின் பல நகரங்களுக்கு முன்பாகவே கொண்டுவந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு வீசின; அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. போருக்குப் பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த தளம் 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படையை நம்பி வாழ்ந்த நகரத்துக்கு அது பெரிய இழப்பு என்றாலும், இரும்பைக் கடையவும் ஒட்டவும் அடித்து நிமிர்த்தவும் தெரிந்த கைகளுக்கு இங்கே நெடுங்காலமாகவே மதிப்பு இருந்துவந்தது என்பதை மறக்கலாகாது.

அந்தக் காலத்தில் தீவுக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை பிரித்தானியாவில் செய்யப்பட்டவை. 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொரிஸ் மைனர், 1947இல் வெளிவந்த ஒஸ்டின் ஏ 40 டெவன், அதை அடுத்து 1952இல் வந்த சோமசெட், ஹில்மன் மிங்ஸ், போர்ட் பிரிபெக்ட் ஆகியவை வைத்தியர்களிடமும் சட்டத்தரணிகளிடமும் ஒப்பந்தகாரர்களிடமும் வாடகைக் கார் ஓட்டியவர்களிடமும் இருந்தன. கந்தளாய் வழியாக நகரத்துக்கு வரும் வீதியில் அவை எளிதாக ஓடின. மூதூர்ப் பக்கம் போக வேண்டுமானால் கிண்ணியாவில் நீரேரியைப் ‘பாதை’யில் கடக்க வேண்டியிருந்தது. பாதை என்பது வாகனங்களை ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் வண்டியின் அடிப்பாகத்தில் உவர்நீர் தெறிக்கும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியதும் அரசு தனியார் கார்களின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய கார்களின் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி இதுவே. மற்ற நாடுகளில் பத்து ஆண்டுகளில் இரும்புக்கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டி, இங்கே தந்தையிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து அயலவருக்கும் கைமாறி ஓடிக்கொண்டே இருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காதபோது அதைக் கடைசல் பட்டறையில் செய்தார்கள்; உக்கிய கதவுத் தகரத்தை வெட்டி நீக்கிப் புதுத் தகரம் வைத்து ஒட்டினார்கள். இறக்குமதித் தடை இரண்டு முரணான விளைவுகளைத் தந்தது என்று சொல்ல வேண்டும்: வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கார்களைக் காப்பாற்றியது, அதே வேளையில், எப்படியாவது ஓட வைத்தால் போதும் என்ற அவசரத்தில், உக்கிய இடத்தை வெட்டாமலே அதன்மேல் தகரம் வைத்து மூடும் பழக்கத்தையும் வளர்த்தது. இன்று ஒரு பழைய காரின் அடியைச் சுரண்டினால் தகரத்தின்மேல் தகரமாக மூன்று தலைமுறைத் திருத்தங்கள் வெளிப்படுவதற்கு அந்த ஆண்டுகளே காரணம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானிய வண்டிகள் பெருமளவில் வந்தன. பிரித்தானியக் கார்கள் மெல்ல மெல்ல வீட்டு வளவுகளின் பின்புறத்துக்கு ஒதுங்கின.

அக்கார்களின் இலக்கத் தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களின் நடுப்பகுதிவரை ஆங்கில எழுத்துகளோடு வழங்கப்பட்ட பதிவிலக்கங்களுக்குப் பதிலாக, அதன் பின் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து நடைமுறைக்கு வந்தது. 1956 ஆகஸ்டில் திருகோணமலையில் மாநாடு கூட்டிச் சமஷ்டி ஆட்சியைக் கோரியிருந்த தமிழரசுக் கட்சி, 1958இன் முற்பகுதியில் இந்த எழுத்துக்கு எதிராகப் போராட்டம் நடத்தியது. சிங்கள எழுத்தைத் தார் பூசி அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதினார்கள். தெற்கில் அதற்கு எதிராகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. அந்த ஏப்ரலிலேயே பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. பழைய கார் வாங்குபவர்கள் ஆங்கில எழுத்துத் தகடு உள்ள வண்டியை அதன் வயதுக்கான சான்றாகத் தேடுகிறார்கள். அத்தகட்டுக்கும் அதற்கு அடுத்து வந்த தகட்டுக்கும் இடையில் நாட்டின் அரசியல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது தகட்டைத் தேடுபவர்களும் அறிய வேண்டியது.

கறளைப் பற்றி விரிவாகப் பேசாமல் இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள முடியாது. திருகோணமலை நகரம் கடலுக்குள் நீண்ட நிலத்தில், ஒருபுறம் திறந்த கடலையும் மறுபுறம் உட்துறைமுகத்தையும் கொண்டு அமைந்திருக்கிறது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிவரை வாடைக்காற்று மழையையும் அலைத்துளிகளையும் கரைக்கு அள்ளி வருகிறது. மே மாதத்துக்குப் பின் வீசும் கச்சான் காற்று உலர்ந்தது, வெப்பமானது. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் தன்மை உண்டு. ஆகையால் தகரத்தின் மடிப்புகளில் ஒருமுறை படிந்த உப்பு, மழை இல்லாத நாளிலும் இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அந்த இடத்தை நனைவாகவே வைத்திருக்கும். இரும்பு கறளாகும்போது அதன் கனவளவு பல மடங்கு பெருகுவதால், ஒட்டிய இரு தகரங்களின் இடையே தோன்றும் கறள் அவற்றைப் பிளந்து, அந்தப் பிளவுக்குள் மேலும் உப்பைப் புகவிடுகிறது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. பல பத்தாண்டுகள் காட்டில் கவனிப்பாரற்றுக் கிடந்தும் அவை நிற்பதற்குத் தடித்த தகடுகளும் ஒரு காரணம். ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள கார்த் தகரத்துக்கு அத்தகைய பொறுமை கிடையாது.

எந்தக் கார் எங்கே உக்கும் என்பது அதன் கட்டமைப்பைப் பொறுத்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனரில் தனிச் சட்டகம் இல்லை. தகரங்களை மடித்துப் பெட்டிகளாக்கி ஒன்றோடொன்று ஒட்டி, வண்டியின் உடலையே சட்டகமாக்கும் முறையில் அது செய்யப்பட்டது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிகளும், முன்னிருக்கைகளுக்குக் கீழே குறுக்காகச் செல்லும் பெட்டியும், பின்வில்லுகள் தொங்கும் கொளுவிகளும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. முன்சில்லுகளுக்குச் சுருள்வில் இல்லாமல், முறுக்கப்படும்போது எதிர்த்துத் திரும்பும் நீண்ட உருக்குத் தண்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. அத்தண்டுகளின் பின்முனை அந்தக் குறுக்குப் பெட்டியிலேயே பிடித்திருக்கிறது. பெட்டி உக்கிவிட்டால், பார்வைக்குப் பளபளப்பான வண்டியும் வீதியில் ஓடும்போது தன் முன்பக்கத்தை இழக்கக்கூடும். ஒஸ்டின் ஏ 40 டெவனும் சோமசெட்டும் இதற்கு மாறாகத் தனிச் சட்டகத்தின்மேல் உடல் ஏற்றப்பட்டவை. அவற்றின் தகரம் எவ்வளவு கிழிந்தாலும் சட்டகம் நன்றாயிருந்தால் மீட்டெடுக்கலாம். வெளிப்புறத்தில் மரச்சட்டம் கொண்ட மொரிஸ் டிரவலர் வகையில், அந்த மரமே பின்னுடலைத் தாங்குகிறது என்பதால், கறளோடு கறையானையும் பார்க்க வேண்டும்.

இதனாலேயே அனுபவமுள்ள திருத்துநர்கள் இயந்திரத்தை இறுதியில்தான் பார்க்கிறார்கள். காந்தத்தைத் தகரத்தில் வைத்து, அது ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பட்டி பூசப்பட்டிருப்பதை அறிகிறார்கள். திருப்புளியின் முனையால் பெட்டிகளின் அடியைக் குத்திப் பார்க்கிறார்கள். ஜக்கினால் ஒரு பக்கத்தைத் தூக்கிய நிலையில் கதவு திறந்து மூடுகிறதா என்று பார்த்து உடல் வளைகிறதா என முடிவு செய்கிறார்கள். மைனரின் இயந்திரம் 918 கன சென்ரிமீற்றரில் தொடங்கி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1,098 என மாறிவந்தது; பிந்திய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, எளிமையானவை, திருத்தக்கூடியவை. முழுவதும் பழுதானாலும் வேறொன்றைப் பொருத்தலாம். ஜப்பானிய இயந்திரம் ஏற்றிய மைனர்கள் தீவில் பல உண்டு. உக்கிய உடலுக்கு அவ்வாறான மாற்று கிடையாது.

போர்க்காலம் கார்களின் மீது வேறுவிதமான தடங்களைப் பதித்தது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏ 40களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களின் குறைந்த அமுக்க விகிதமே, அதாவது எரிகலவையை அவை மிகக் குறைவாக நெருக்கும் தன்மையே, இதை இயலச் செய்தது. மருத்துவமனைக்கு நோயாளிகளையும் சந்தைக்குப் பொருள்களையும் கொண்டுசென்ற அந்த வண்டிகள் ஒரு மக்கள் கூட்டத்தின் அன்றாட வாழ்வைச் சுமந்தன. பழைய கார்களைப் பற்றிய எந்த வரலாறும் அதற்கு உரிய இடத்தைத் தர வேண்டும். ஆயினும் முழுமையாக ஆவியாகாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயோடு கலந்து தேய்மானத்தைக் கூட்டியதால், அக்காலத்தைக் கடந்துவந்த இயந்திரத்தை முழுவதும் பிரித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

திருகோணமலை மாவட்டத்திலோ இடப்பெயர்வே பெரிய அழிவைச் செய்தது. உரிமையாளர்கள் ஊரைவிட்டுப் போக, கார்கள் வளவுகளிலும் கொட்டகைகளிலும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றன. ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே விரைவாக உக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளைத் தாக்கி மனித உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. அப்பேரழிவின் முன் கார்களின் கணக்கு அற்பமானதுதான். ஆனால் கடல்நீரில் மூழ்கிய வாகனத்தின் உட்பெட்டிகளில் தங்கிய உப்பை வெளியே கழுவுவதால் நீக்க முடியாது என்பதால், கரையோர வண்டியை வாங்குபவர்கள் அந்நாளில் அது எங்கே நின்றது என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

தகரத்துக்கு நிகரான முக்கியத்துவம் ‘புத்தக’த்துக்கு உண்டு. புத்தகம் என்று மக்கள் சொல்வது, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பதிவுச் சான்றைக் குறிக்கும். அதிலுள்ள சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பதிவு உரிமையாளர் இறந்தோ கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ புலம்பெயர்ந்தோ போயிருக்க, வண்டி மட்டும் கை மாறிக்கொண்டிருக்கும் நிலை வடக்கு கிழக்கில் புதிதன்று. கறளைப் பட்டறையில் வெட்டி எடுக்கலாம். அறுந்துபோன உரிமைத் தொடரை அவ்வாறு ஒட்ட முடியாது. உடல் சற்று மோசமாக இருந்தாலும் புத்தகம் சரியான வண்டியே, புத்தகமில்லாத அழகிய வண்டியைவிட நல்ல கொள்முதல் என்பதில் ஐயமில்லை.

பழைய காரை வைத்திருப்பது சிக்கனமானது என்ற வாதமும் வரலாறு உடையது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயார், புதிய கார் ஆண்டுதோறும் இழக்கும் பெறுமதியைவிடப் பழைய காரை ஒழுங்காகப் பராமரிக்கும் செலவு குறைவு என்று 1982இல் ஒரு நூலில் வாதிட்டார். பின்னர் மைனருக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். இறக்குமதித் தடைக்காலத்தில் இத்தீவின் கைகள் பழகிய தகர வேலை, அக்காரைப் படைத்த நாட்டுக்கே பயன்பட்டது பெருமைக்குரியது. ஆனால் வெயாரின் கணக்கு ஓடும் நிலையிலுள்ள வண்டிக்கே பொருந்தும். அடிப்பெட்டிகள் அனைத்தும் உக்கிய வண்டியை மீட்கும் செலவு, திருத்தி முடித்த வண்டியின் விலையை எளிதில் தாண்டிவிடும். கடற்கரைக் காற்றில் அதே வேலையைச் சில ஆண்டுகளில் மீண்டும் செய்ய நேரலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது 1960களின் நிலை ஒருவகையில் திரும்பியது. பழைய வண்டிகளின் மீது மீண்டும் கண்கள் விழுந்தன, அடுத்து 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு அவற்றில் பலவற்றை நிறுத்தியும் வைத்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்தது. புதிய வண்டி கிடைக்கும் காலத்தில், வேறு வழியில்லாமல் பழையதை வாங்க வேண்டிய தேவை குறைகிறது. ஆகவே இப்போது வாங்குபவர் அவசரமின்றித் தெரிவு செய்யலாம், திருத்துவதாயின் மூடி மறைக்காமல் வெட்டி ஒட்டும் முறையான வேலையைக் கேட்கலாம். மீட்க இயலாத வண்டியையும் வீணென்று தள்ள வேண்டியதில்லை. அதன் கதவுகள், கண்ணாடிகள், பின்அச்சு, கியர்ப்பெட்டி, கடிகார முகப்பு ஆகியவை வேறொரு மைனரை ஓட வைக்கும். அத்தகைய வண்டிக்குத் தரப்படும் விலை அப்பாகங்களின் பெறுமதியைத் தாண்டாதிருக்க வேண்டும், அதன் பதிவையும் முறைப்படி நீக்கிவிட வேண்டும். ஒரே இலக்கத்தில் இரண்டு உடல்கள் உலவினால், பின்னாளில் அவற்றில் எது உண்மையான வண்டி என்று எவராலும் சொல்ல முடியாமற் போகும்.